ஓடுற உடம்பு வேணும், வரையிற கை வேணாமா?

1956ஆம் வருடம். அமெரிக்காவின் தென்பகுதியில் வட கரோலினா மாநிலம், ராலே நகரம். கறுப்பர்களையும் உள்ளே விடலாம் என்று அப்போதுதான் மனசு வந்திருந்த மாநிலக் கலை அருங்காட்சியகம். கறுப்பர்களுக்கான ஒரு கல்லூரியிலிருந்து மாணவர்களைச் சுற்றிப் பார்க்கக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் எர்னி பார்ன்ஸ் என்று ஒரு மாணவர். வயது பதினெட்டு. ஆறடிக்கு மேல் உயரம், கல்லூரிக் கால்பந்து அணியில் ஆடுகிறவர். நடந்து நடந்து பார்த்துவிட்டு வழிகாட்டியிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: நீக்ரோ ஓவியர்கள் வரைந்த படமெல்லாம் எங்கே இருக்கு? உங்க ஆளுங்க அந்த மாதிரி தங்களை வெளிப்படுத்திக்கிறதில்லை என்று பதில் வருகிறது.

இந்தப் பதிலில் வசவு இல்லை, அடி இல்லை, போலீஸ் இல்லை. ரொம்ப நாகரிகமான பதில். உங்க ஆளுங்களுக்கு வேறு வேலை இருக்கு, வேறு திறமை இருக்கு, அதுல நீங்க கெட்டிக்காரங்கதான் என்கிற பாராட்டுகூட அதுக்குள்ளே ஒளிஞ்சிருக்கு. இந்தப் பாராட்டு நமக்குத் தெரியாததா? நான் எட்டாவது படிக்கும்போது எங்க பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியாருக்கு என்மேல் அவ்வளவு பிரியம். "கருவாப் பய, குதிரை மாதிரி ஓடுறான்டா" என்று ஊரைக் கூட்டிச் சொல்வார். அதே பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் வண்ணப் பெட்டியைக் கையில் கொடுப்பார். எங்க தெருப் பிள்ளைகள் நாலு பேருக்கு மட்டும் பென்சில் போதும் என்பார். கை ஈரமாயிருக்கு, வேர்வை பட்டுப் பெட்டி கெட்டுப்போகும் என்று காரணம் வேறு. ஓடி ஓடிக் கோப்பை வாங்கிக் கொடுக்கிற உடம்பின் வேர்வை இனிக்கும். அதே வேர்வை வண்ணப் பெட்டியில் பட்டால் தீட்டு. ராலே அருங்காட்சியகக்காரருக்கும் எங்க டிராயிங் மாஸ்டருக்கும் நடுவில் ஒரு மகாசமுத்திரம் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதை இப்போது ஏன் எழுத நேர்ந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு எர்னி பார்ன்ஸின் 'சுகர் ஷாக்' ஓவியத்தின் அச்சுப்படம் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். 1976இல் கேன்வாஸில் அக்ரிலிக் வண்ணத்தால் தீட்டியது. ஒரு கூடத்தில் கறுப்பு மக்கள் நெருக்கியடித்து ஆடுகிறார்கள், அவ்வளவுதான் படம். இரண்டு தோழர்கள் இரண்டு பக்கத்திலிருந்து பாய்ந்தார்கள். ஒருவர் களப்பணியில் ஊறியவர், மூன்று முறை சிறை சென்றவர். "இதுல என்ன தோழர் அரசியல் இருக்கு? ஆட்டமும் பாட்டமும். கறுப்பன்னா ஆடுவான், குதிப்பான்னு வெள்ளைக்காரன் சொல்றதைத்தானே இவரும் வரைஞ்சிருக்காரு" என்றார். இன்னொருவர் நவீன ஓவியம் பற்றி எழுதுகிறவர், நம் ஆள்தான், நிறையப் படித்தவர். "இது டி.வி. ஓவியம். ஆட்டக்காரர் பொழுதுபோக்கா வரைஞ்சது. இதையெல்லாம் கலைன்னு பேசினா நம்மள எவன் மதிப்பான்?" என்றார். இந்த இரண்டு பேரோடும்தான் எனக்குச் சண்டை. வெள்ளைக்காரனோடு சண்டை போடுவது சுலபம், அதில் நாம் எல்லாரும் ஒரு கட்சி.

எர்னி பார்ன்ஸ் 1938இல் டர்ஹாம் என்ற ஊரில் பிறந்தார். புகையிலை ஊர். அப்பா புகையிலைக் கம்பெனியில் சரக்கு அனுப்பும் குமாஸ்தா. அம்மா ஒரு வெள்ளை வக்கீல் வீட்டில் வேலை செய்தவர். அம்மாவோடு போகும் பையன் அந்த வீட்டில்தான் ஐரோப்பிய ஓவியப் புத்தகங்களை முதலில் புரட்டுகிறான். வக்கீல் நல்ல மனுஷன், பையனுக்குக் காட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இருக்கட்டும். பார்க்கும்படி ஆனதே வேலைக்காரியின் மகனாகத்தான் என்பதையும் சேர்த்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் பையன் குண்டு, கூச்ச சுபாவம், விளையாட்டென்றால் பயம். மற்ற பையன்கள் துரத்தித் துரத்தி அடிப்பார்களாம். ஒளிந்துகொண்டு நோட்டுப் புத்தகத்தில் படம் போட்டுக்கொண்டிருப்பான். அப்படி ஒளிந்திருந்தவனைக் கண்டுபிடித்தவர் டாமி டக்கர் என்ற ஆசிரியர். கொத்தனார் வேலை கற்பிக்கிறவர், பளு தூக்கும் பயிற்சியும் தருகிறவர். நோட்டைப் பார்த்தார், பிடுங்கிக் கிழிக்கவில்லை. உடம்பைத் தேற்றலாம் வா என்று கூப்பிட்டார். அந்தப் பையன்தான் பள்ளி முடிக்கும்போது கால்பந்து அணித் தலைவன், குண்டு எறிதலில் மாநிலச் சாம்பியன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். உடற்பயிற்சி என்றதும் இன்றைக்கு நம் ஞாபகத்துக்கு வருவது கண்ணாடிச் சுவரும் குளிர்சாதனமும் மாசச் சந்தாவும். உழைக்கிற உடம்பு ஒன்றிருக்கிறது, உழைக்காமல் கெட்டுப்போன உடம்பைச் சந்தா கட்டிச் சரிசெய்கிற உடம்பு ஒன்றிருக்கிறது. டக்கர் கொடுத்தது இந்த இரண்டிலும் சேராது. அடிபடுகிற ஒரு கறுப்புப் பையன் நிமிர்ந்து நிற்கும் உடம்பை அவனே செய்துகொள்வது அது. சிலம்பம் கற்றுக்கொடுத்த நம் பாட்டன்களைக் கேட்டால் இதற்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

அந்த உடம்பு கல்லூரிக்கு வழி திறந்தது. ஆனால் எந்தக் கல்லூரி? டியூக் பல்கலைக்கழகம் அதே டர்ஹாம் ஊரில்தான் இருக்கிறது. 1963 வரை ஒரு கறுப்பு இளங்கலை மாணவரைக்கூட அங்கே சேர்க்கவில்லை. அதனால் கறுப்பர் கல்லூரி, விளையாட்டு உதவித்தொகை, ஓவியப் பாடம். பிறகு தொழில்முறை ஆட்டம். இங்கே கால்பந்து என்பது நாம் ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் கொண்டு, தலைக்கவசம் மாட்டி, முட்டி மோதித் தள்ளுகிற ஆட்டம். 1959இல் வாஷிங்டன் அணி ஆள் எடுக்கும்போது பார்ன்ஸ் பெயரை அறிவித்தார்கள். ஆள் கறுப்பு என்று தெரிந்தது. சில நிமிஷத்தில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். அந்த அணி 1962 வரை ஒரு கறுப்பு ஆட்டக்காரரையும் களத்தில் இறக்கவில்லை, அந்த லீகிலேயே கடைசியாக இறங்கி வந்த அணி அது. தலைநகரத்து அணி! பார்ன்ஸைப் பால்டிமோர் எடுத்துக்கொண்டது. பிறகு நியூயார்க், சான் டியாகோ, டென்வர் அணிகள். முன்வரிசையில் நின்று எதிராளியை மறிக்கிற வேலை. பந்தைத் தொடுகிற பாக்கியம்கூட இல்லாத இடம். உடம்பால் சுவர் கட்டுவது, அவ்வளவுதான் உத்தியோகம். பந்தோடு ஓடுகிறவனுக்குக் கைதட்டு, சுவருக்கு வீக்கமும் எலும்பு முறிவும்.

அங்கேயும் அவர் வரைவதை விடவில்லை. பயிற்சியாளர் கூட்டம் போட்டுப் பேசும்போது காகிதத்தில் கிறுக்கிக்கொண்டிருந்ததற்கு டென்வரில் அபராதம் போட்டார்கள். கூட ஆடுகிறவர்கள் 'பெரிய ரெம்பிராண்ட்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 1965இல் கனடாவில் ஆடும்போது பாதம் முறிந்தது. ஆட்டம் முடிந்தது. சுவர் இடிந்தால் அடுத்த சுவர். முறிந்த காலோடு வீட்டுக்குப் போன ஆட்டக்காரர்கள் எத்தனை ஆயிரம் பேர், அவர்கள் கையில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? இவர் கையில் தூரிகை இருந்தது. அணி முதலாளிகள் கூடுகிற இடத்துக்கே படங்களைக் கொண்டுபோய்க் காட்டினார். நியூயார்க் ஜெட்ஸ் அணி முதலாளி ஒருவர், ஆட்டக்காரனுக்குக் கொடுக்கிற மாதிரியே சம்பளம் தருகிறேன், ஆட வேண்டாம், வரை என்றார். 1966இல் நியூயார்க்கில் முதல் கண்காட்சி, எல்லாப் படமும் விற்றது. முதலாளியின் தயவில்தானே வந்தார் என்று நம் தோழர் ஒரு நக்கல் அடித்தார். ஆமாம், வந்தார். உடம்பை விற்று வாழ்ந்தவன் படத்தை விற்று வாழ்ந்தால் மட்டும் நமக்கு ஏன் கூசுகிறது?

படத்துக்கு வருவோம். விளையாடுகிற உடம்பை வரைவது புதுசு இல்லை. ஜார்ஜ் பெல்லோஸ் என்ற வெள்ளை அமெரிக்கர் 1909இல் ஒரு குத்துச்சண்டைப் படம் வரைந்தார். 'இந்தக் கிளப்பின் இரு உறுப்பினர்கள்' என்று பெயர். நியூயார்க்கில் பொதுக் குத்துச்சண்டைக்கு அப்போது தடை. அதனால் சண்டை போடுகிறவர்களை அந்த ராத்திரிக்கு மட்டும் கிளப் உறுப்பினர் ஆக்கிக்கொள்வார்கள். ஒரு கறுப்பர், ஒரு வெள்ளையர், ரத்தம், கீழே வாய் பிளந்த கூட்டம். ராத்திரிக்கு மட்டும் உறுப்பினர்! அந்தத் தலைப்பில் உள்ள கசப்பை நான் மதிக்கிறேன், படமும் பலமான படம். ஆனால் படத்தைப் பாருங்கள், ஓவியர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? கயிற்றுக்கு வெளியே, பார்வையாளர் வரிசையில். அங்கிருந்து பார்த்தால் உடம்பு சதை, அடி, வெறி என்றுதான் தெரியும். பார்ன்ஸ் கயிற்றுக்கு உள்ளேயிருந்து வருகிறவர். கல்லூரியில் அவருக்குக் கற்பித்த சிற்பி எட் வில்சன், ஆடும்போது உன் உடம்பு என்ன உணர்கிறது என்று கவனி என்று சொன்னாராம். மறிக்கும்போது இடுப்பு எங்கே போகிறது, தோள் எப்படி நீள்கிறது, விழப்போகிற அந்தக் கணத்தில் கால் எவ்வளவு தூரத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது? அந்த உணர்வுதான் அவர் படத்தில் கோடாகிறது. அதனால்தான் அவருடைய ஆட்கள் நீண்டு வளைந்து போகிறார்கள். கை முழங்காலைத் தாண்டுகிறது, கழுத்து கொக்கு மாதிரி நீள்கிறது. உடலமைப்பு அளவு தெரியாமல் வரைந்துவிட்டார் என்பவர்கள் ஒரு நாள் நாற்று நட்டுப் பார்க்கட்டும். சாயங்காலம் முதுகு எவ்வளவு நீளம் என்று அவர்களுக்கே தெரியும்.

இதற்கு நேர் எதிரில் ஒரு உடம்பு இருக்கிறது. 1936, பெர்லின் ஒலிம்பிக். அப்போதெல்லாம் ஒலிம்பிக்கில் கலைக்கும் பதக்கம் உண்டு, 1912 முதல் 1948 வரை கொடுத்தார்கள். ஆர்னோ பிரேக்கர் என்ற ஜெர்மன் சிற்பி பத்துவகைப் போட்டி வீரன் ஒருவனைச் சிலையாகச் செய்து வெள்ளிப் பதக்கம் வாங்கினார். பிற்பாடு ஹிட்லருக்குப் பிரியமான சிற்பி ஆனார். அந்த உடம்பில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. அளவெடுத்த மார்பு, அளவெடுத்த தொடை. எல்லாம் விறைப்பு. வேர்வை கிடையாது, மூச்சு வாங்காது, பக்கத்தில் இன்னொரு ஆள் கிடையாது. அடுத்த வருடமே, 1937இல், மியூனிக்கில் இரண்டு கண்காட்சிகள் வைத்தார்கள். ஒன்று 'மகத்தான ஜெர்மானியக் கலை'. இன்னொன்று 'சீரழிந்த கலை', அதாவது கேலி செய்வதற்காகத் தொங்கவிட்டது. எந்த உடம்பு மகத்தானது, எந்த உடம்பு சீரழிந்தது என்று ஓவியத்தில் முதலில் தீர்மானித்தவர்கள் பிறகு மனிதர்களிடமும் அதைத் தீர்மானித்தார்கள். அந்த 1936 மைதானத்தில்தான் ஜெஸ்ஸி ஓவன்ஸ் நான்கு தங்கம் வாங்கினார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஊருக்குத் திரும்பிய ஓவன்ஸ் காசுக்காகக் குதிரையோடு பந்தயம் ஓட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்டுடல், ஆரோக்கியம், வலிமை என்று யாராவது மேடையில் பேச ஆரம்பித்தால் எனக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான். யாருடைய உடம்பை உரைகல்லாக வைத்துப் பேசுகிறாய் என்பது என் முதல் கேள்வி.

சுகர் ஷாக் படத்தில் உரைகல் ஆள் என்று ஒருவர்கூட இல்லை. குண்டுப் பெண் இருக்கிறாள், ஒல்லியாகக் கொம்பு மாதிரி ஒருவன் இருக்கிறான், நடுவில் மஞ்சள் உடைக்காரி கையைத் தூக்கி ஆடுகிறாள். பின்னால் மேடையில் பாட்டு. உடம்பு உடம்பை உரசுகிறது, தொடாமல் யாருமில்லை. தொடுதலைத் தண்டனையாகச் சுமந்து வந்த நமக்கு இதைப் பார்த்தும் அரசியல் தெரியவில்லை என்றால் நான் என்ன சொல்ல? பார்ன்ஸுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது, 1952இல், டர்ஹாமில் பெரியவர்கள் ஆடுகிற கூடத்துக்குள் திருட்டுத்தனமாய் நுழைந்து பார்த்த நினைவுதான் இந்தப் படம். வாரம் முழுக்கப் புகையிலை ஆலையிலும் பிறத்தியார் அடுப்படியிலும் பிறருக்காக அசைந்த உடம்பு, ராத்திரி தனக்காக அசைகிறது. கூலி இல்லாத அசைவு, யாரும் ஏவாத அசைவு. எல்லாருக்கும் கண் மூடியிருக்கிறது. அவருடைய பெரும்பாலான படங்களில் அப்படித்தான். நாம் ஒருத்தரையொருத்தர் பார்க்க முடியாத குருடர்களாயிருக்கிறோம் என்பதைக் காட்டத்தான் அப்படி வரைவதாக அவர் விளக்கம் சொல்லியிருக்கிறார். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. அந்த ஜனங்கள் நம்மைப் பார்க்கவில்லை, நமக்காக ஆடவில்லை. காட்சிப்பொருள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் என்று காத்திருக்கிற கண்ணுக்கு இங்கே வேலையில்லை.

நவீன ஓவியத் தோழர் அக்ரிலிக்கையும் விடவில்லை. "பிளாஸ்டிக் பெயிண்டு" என்றார். ஆமாம், பிளாஸ்டிக்தான். நிறப்பொடியை அக்ரிலிக் பிசினில் குழைத்துத் தண்ணீரில் கலக்கிற வண்ணம். அமெரிக்காவில் தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் ஓவியர்களுக்கென்று கடைக்கு வந்ததே 1950களில்தான். எண்ணெய் வண்ணம் காய நாளாகும், வாரமும் ஆகும். டர்பன்டைன் வேண்டும், காற்றோட்டமான தனி அறை வேண்டும். அக்ரிலிக் நிமிஷக் கணக்கில் காய்ந்துவிடும், மேலே மேலே பூசிக்கொண்டே போகலாம், தூரிகையைத் தண்ணீரில் கழுவினால் போதும். நேரமும் இடமும் இல்லாதவனுக்கு ஏற்ற வண்ணம். அதற்கு இன்னொரு குணமும் உண்டு. ஈரம் காய்வதற்குள் கை முடிவெடுத்தாக வேண்டும், யோசித்து யோசித்துத் தடவ முடியாது. ஆட்டக்காரன் கை இதற்குப் பழகியது. மன்னர்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய பரம்பரை அதற்கு இல்லை என்பதுதான் உங்கள் வருத்தம் என்றால், எனக்கு அந்த வருத்தம் இல்லை.

டி.வி. ஓவியம் என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். 1970களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'குட் டைம்ஸ்' என்று ஒரு தொடர் வந்தது. சிகாகோவில் அரசுக் குடியிருப்பில் வாழும் ஏழைக் கறுப்புக் குடும்பத்தின் கதை. அதில் மூத்த பையன் ஓவியன். அந்தத் தொடரின் எழுத்துக்கள் ஓடும்போது சுகர் ஷாக் படத்தைக் காட்டினார்கள். மார்வின் கேயின் 1976 இசைத்தட்டு உறையிலும் அதே படம். அருங்காட்சியகம் பக்கமே போகாத லட்சக்கணக்கான கறுப்பு வீடுகளில் அந்தப் படம் இப்படித்தான் நுழைந்தது. உறையை வெட்டிச் சுவரில் ஒட்டினார்கள், அச்சுப்படம் வாங்கி மாட்டினார்கள். விமர்சகர்களுக்கு இது இளக்காரம், 'விளையாட்டு ஓவியர்' என்று ஒரு டப்பாவில் போட்டு மூடினார்கள். நம் வீட்டுச் சுவர்களில் அம்பேத்கர் படம் எந்த அருங்காட்சியகத்தின் அனுமதியில் வந்தது தோழர்? காலண்டரில் வந்தது. அதைக் கலை என்பார்களா என்று நம் தாய்மார்கள் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

இளக்காரம் செய்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள்? பார்ன்ஸ் 2009இல் இறந்துபோனார். 2022 மே மாதம் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலக் கம்பெனி சுகர் ஷாக்கை ஏலத்துக்கு வைத்தது. அதிகபட்சம் 2 லட்சம் டாலர் போகும் என்று மதிப்புப் போட்டிருந்தார்கள். போனது 1 கோடியே 52 லட்சத்து 75 ஆயிரம் டாலர், மதிப்பைப் போல எழுபத்தாறு மடங்கு. பத்திரிகைகள் குதூகலித்தன. கடைசியில் நியாயம் கிடைத்துவிட்டதாம். யாருக்கு? செத்தவருக்கா? படம் மறுபடி மறுபடி கைமாறும்போது ஓவியருக்கோ குடும்பத்துக்கோ பங்கு கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் கிடையாது. (நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்தில் 53அ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள், 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூலப் படைப்புக்குப் பங்கு உண்டு என்று. நம் ஓவியர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?) ஏலம் என்ற சொல் அந்தத் தென் மாநிலங்களில் என்ன சொல் என்றும் நினைத்துப் பார்க்க வேண்டும். பல்லைப் பிடித்துப் பார்த்து, தோளைத் தட்டிப் பார்த்து, ஓடவிட்டுப் பார்த்து விலை சொன்ன ஏலம். இன்றைக்கும் அந்தக் கால்பந்து லீகில் இளைஞர்களைத் தேர்வு செய்யுமுன் வரிசையாக நிறுத்தி உயரம், எடை, கை நீளம் அளக்கிறார்கள், ஓடவிட்டுக் கடிகாரம் பிடிக்கிறார்கள்.

வாங்கியவர் யார் என்று கேட்டால் கதை கொஞ்சம் சிக்கலாகிறது, அதை மறைக்க மாட்டேன். பில் பெர்க்கின்ஸ் என்ற எரிசக்தி வணிகர், அவரும் கறுப்பர். சின்ன வயசில் அந்தத் தொடரில் பார்த்த படம், அதனால்தான் துரத்தி வாங்கினேன் என்று சொன்னார். வாங்கிய கையோடு ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் எல்லாரும் பார்க்கும்படி மாட்டவும் கொடுத்தார். எனக்கு அந்த ஆளின் பணத்தோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் டி.வி.யில் பார்த்த ஒரு கறுப்புப் பையனின் கண், விமர்சகர்களின் கண்ணைவிட நாற்பது வருஷம் முந்தியிருந்தது என்பதை மட்டும் நவீன ஓவியத் தோழர் கவனிக்கட்டும்.

இப்போது களப்பணித் தோழருக்கு. அவர் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாயிருக்கிறது. கறுப்பன் இயல்பிலேயே ஆடுவான், ஓடுவான் என்பது பழைய விஷம். 'இயல்பிலேயே' என்ற சொல்லைக் கேட்ட இடத்தில் எல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். எர்னி பார்ன்ஸ் இயல்பிலேயே என்னவாக இருந்தார்? குண்டுப் பையன், ஓடத் தெரியாதவன், அடிவாங்கி ஒளிந்தவன். உடம்பைப் பழக்கிக்கொண்டான், கையையும் பழக்கிக்கொண்டான். இரண்டும் உழைப்பு. ஒன்றை ரத்தத்தில் ஊறியது என்று சொல்லி இன்னொன்றை அவர்களுக்கு வராது என்று சொல்வதுதான் சூழ்ச்சி. இந்தச் சூழ்ச்சியை நாம் இங்கே வேறு பெயரில் அறிவோம். பல்வங்கர் பாலு என்று ஒரு பந்து வீச்சாளர், சமார் சாதியில் பிறந்தவர். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். பூனாவில் அவர் வீசிய பந்து இந்து ஆட்டக்காரர்களுக்கு வேண்டியிருந்தது, இடைவேளையில் அவருக்குத் தேநீர் வெளியே, தூக்கியெறியும் மண் குவளையில். இந்து அணியின் தலைவர் பதவி கடைசிவரை அவருக்குக் கொடுக்கப்படவில்லை. விரல் வேண்டும், மூளை வேண்டாம். சாதி என்பது வேலைப் பிரிவினையோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இல் விளக்கியது கிரிக்கெட் மைதானத்துக்கும் பொருந்துகிறது.

ஆகவே அடித்தவனின் பொய்க்குப் பயந்து நம் உடம்பின் ஆட்டத்தை நாமே ஒளித்துவைக்க வேண்டும் என்கிறீர்களா? பறையை இழிவு என்று சொன்னார்கள். அடிக்க மாட்டோம் என்று மறுத்தது ஒரு போராட்டம். பிறகு நமக்காக, நம் மேடையில், நம் தாளத்தில் எடுத்து அடித்தது இன்னொரு போராட்டம். இரண்டும் நடந்தது, இரண்டும் சரி. எவன் ஏவி, எவனுக்காக என்பதில்தான் விஷயம். பார்ன்ஸ் 1972 முதல் 1979 வரை 'சேரியின் அழகு' என்று பொருள்படும் தலைப்பில் முப்பத்தைந்து ஓவியங்களை நகரம் நகரமாகக் கொண்டுபோனார். சேரி என்றால் குப்பை, குற்றம், கண்ணீர் என்று மட்டுமே காட்டிக்கொண்டிருந்த நாட்டில் கயிறு தாண்டும் சிறுமி, பந்துக்கு எம்பும் பையன், சர்ச்சுக்குப் போகும் கிழவி. அதே 1972இல்தான் பம்பாயில் கருஞ்சிறுத்தைகளின் பெயரைப் பார்த்து தலித் சிறுத்தைகள் என்று நம் தோழர்கள் பெயர் வைத்துக்கொண்டார்கள். கறுப்பர்களிடமிருந்து கோபத்தைக் கற்றுக்கொண்டோம், நல்லது. அவர்களுடைய ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள மட்டும் ஏன் வெட்கம்? நம் சுவரொட்டிகளில் நாம் வரைகிற நம் ஆள் எப்படி இருக்கிறான் என்று ஒரு தடவை பாருங்கள். ஒன்று எரிந்த குடிசை முன்னால் தலையில் கை வைத்திருக்கிறான், இல்லாவிட்டால் பிரேக்கர் சிலை மாதிரி மார்பை விரித்து முஷ்டியை உயர்த்தி விறைத்து நிற்கிறான். கபடி ஆடுகிற, சைக்கிளில் மூன்று பேராய்ப் போகிற, கல்யாண வீட்டில் கூத்தடிக்கிற நம் ஆளை வரைந்திருக்கிறோமா? பெண்கள்? மஞ்சள் உடைக்காரி மாதிரி தனக்காகக் கையைத் தூக்குகிற ஒருத்தி நம் சுவரொட்டியில் எங்கே?

1979இல் அதே ராலே அருங்காட்சியகத்தில் எர்னி பார்ன்ஸுக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. கவர்னர் வந்து கலந்துகொண்டார். உங்க ஆளுங்க அப்படி வெளிப்படுத்திக்கிறதில்லை என்று சொன்ன வாசலில், 23 வருஷம் கழித்து. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கும் அவரைத்தான் விளையாட்டு ஓவியராக வைத்தார்கள். இதெல்லாம் பட்டியலில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எனக்கு மனசில் நிற்பது வேறொன்று. 1966 கண்காட்சிக்குப் படங்களுக்குச் சட்டம் போட வேண்டிய நேரத்தில் அப்பா பக்கவாதத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டைச் சுற்றி அப்பா வருஷா வருஷம் வெள்ளையடித்துப் பேணிவந்த மரவேலி, பார்க்க ஆளில்லாமல் உரிந்து கிடந்தது. சில நாளில் அப்பா இறந்துபோனார். பார்ன்ஸ் ஒரு படத்தை அந்த வேலியில் சாய்த்து வைத்துத் தள்ளி நின்று பார்த்தார். பிறகு வேலியைப் பிரித்தார். புகையிலைக் கம்பெனிக் குமாஸ்தாவின் அந்த உளுத்த மரத்தில்தான் நியூயார்க் கண்காட்சிப் படங்களுக்குச் சட்டம் அடித்தார். அதற்குப் பிறகும் அந்த மாதிரிப் பழைய மரச் சட்டங்களைத்தான் விரும்பிப் போட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் இந்த வேலிக் கதையைச் சொன்னேன். களப்பணித் தோழர் ஒன்றும் பேசவில்லை. அச்சுப்படத்தைக் கேட்டு வாங்கி, ஜன்னல் பக்கம் கொண்டுபோய், ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த மஞ்சச் சட்டைக்காரி எங்க அத்த மாதிரியே இருக்காய்யா" என்றார். நவீன ஓவியத் தோழர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த இதழில் பதில் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார், எழுதட்டும்.